மலைக்கிராம மகளிர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அம்மா அவர்களுக்கும், அக்கா தங்கைகளுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். ஐப்பசி மழையில் பாதை அறுத்துக்கொண்ட மாதம் தவிர, மற்ற மாதங்களில் கூட்டம் நடந்தது. இனி மிளகு விஷயம்.

சேர்வராயன் மலையில் சில்வர் ஓக் மரத்துக்கு மரம் மிளகுக்கொடி இருக்கிறது. காசுதான் நம் கையில் நின்றதில்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போது வியாபாரியிடம் முன்பணம் வாங்குவோம். தை, மாசியில் அவர் சொன்ன விலைக்குப் பச்சையாகவே கொடுத்துவிடுவோம். தராசும் அவருடையது. போன வருஷம் எங்கள் வீட்டில் நிறுத்துக் கட்டிய மூட்டை அவர் தராசில் ஏறியதும் மூன்று கிலோ குறைந்தது. முன்பணம் வாங்கியிருந்ததால் கேட்க வாய் வரவில்லை.

1989-ல் பக்கத்துத் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழு முறைதான் நம்முடையதும்: சேமிப்பு, உள்கடன், தவணை. இந்த ஆண்டு பள்ளிச் செலவுக்கும் வைத்தியத்துக்கும் முதலில் கடன் கொடுத்தோம். முன்பணம் வாங்கும் அவசியம் பல வீடுகளுக்கு வரவில்லை. அப்புறம் ஒரு மின்தராசு வாங்கி, மிளகை நாமே காயவைத்தோம்.

மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோதான் தேறும் என்று சிலர் தயங்கினார்கள். நியாயமான தயக்கம்தான். ஆனால் காய்ந்த மிளகு கெடாது; விலை கட்டாவிட்டால் மூட்டையை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவரலாம். சரம் உதிர்த்து, கூடையோடு கொதிநீரில் ஒரு நிமிஷம் முக்கித் தார்ப்பாயில் பரப்பினோம். நாலாம் நாள் எல்லா மணியும் ஒரே கறுப்பு. கையில் அள்ளிக் குலுக்கினால் சலசலவென்று கேட்க வேண்டும், அதுதான் பதம்.

முதல் தடவை மாலைப் பனி இறங்கி நான்கு வீட்டு மிளகில் பூசணம் பிடித்தது. சாயங்காலம் நாலு மணிக்கே அள்ளி மூட வேண்டும் என்று அன்று முடிவு செய்தோம். அந்த நஷ்டத்தை நான்கு வீட்டின் தலையில் போடாமல் சங்கமே ஏற்றது. இந்த ஆண்டில் நாம் செய்த பெரிய காரியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலம் லீ பஜாருக்கு நாமே மூட்டை கொண்டுபோனோம். முதல் கடையில் விலை கட்டவில்லை. நம் அக்கா ஒருவர் மூட்டைமேல் கை வைத்துக்கொண்டு, "அவசரம் இல்லைங்க, அப்புறம் வர்றோம்" என்றார். நம் ஊர் ஆள் ஒருவர் கடைக்காரரிடம் இப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மூன்றாவது கடையில் விற்றோம்.

சாமைக்குத் தோல் நீக்கும் இயந்திரம் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்; இன்னும் பதில் இல்லை, திரும்பவும் போவோம். அடுத்த மிளகுக்குத் தார்ப்பாய் வேண்டியவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.

செயலாளர்