கை கொடுத்தவர்களுக்கும், கை வைக்காமல் நின்றவர்களுக்கும் நன்றி

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், பிள்ளைகளின் அம்மா அப்பாக்களுக்கும், அப்பத்தா அம்மாச்சிகளுக்கும் வணக்கம்.

மானாமதுரைப் பக்கம் இருக்கும் நம் அங்கன்வாடியில், ஆடி மாதம் தொடங்கி ஐப்பசி வரை பிள்ளைகள் மண்ணையும் சாயத்தையும் விதையையும் பூச்சியையும் தொட்டுப் பார்த்து விளையாடியதை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். உதவி செய்தவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் யார் யார் என்ன செய்தார்கள் என்பது ஊர் முழுக்கத் தெரிய வேண்டும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கிற நம் ஆட்களும் படிக்க வேண்டும். அதற்காகவே இந்த மடல்.

முதல் நன்றி வேளார் தாத்தாவுக்கு. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே செய்கிற கடம் கச்சேரி மேடைகளுக்குப் போகிறது. அப்பேர்ப்பட்ட தொழில் தெரிந்தவர், மூன்று வயதுப் பிள்ளைகளுக்காகக் கண்மாய்க் களிமண்ணில் கல்லும் வேரும் பொறுக்கி, மணல் கலந்து, காலால் மிதித்துப் பதமாக்கி, ஈரச் சாக்கு போட்டு மூடி, சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். இறக்கிவிட்டுப் போய்விடவும் இல்லை. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து தானும் ஒரு உருண்டை பிடித்தார்.

அன்றைக்கு ஒரு பாப்பா மண்ணை நீளமாகத் தட்டி, நடுவில் விரலை விட்டு ஓட்டை போட்டு, அதில் ஒரு குச்சியையும் செருகி வைத்தாள். பார்க்கிறவர்களுக்கு அது சரியாக வராத சட்டி மாதிரிதான் தெரியும். பக்கத்தில் இருந்த ஒருவர் திருத்திக் கொடுக்கக் கையை நீட்டினார். தாத்தா அவரைத் தடுத்துவிட்டு, "தாயி, இது என்னா செஞ்சிருக்க?" என்று கேட்டார். "மடை" என்றாள் பாப்பா. அப்பா மடை திறக்கப் போகும்போதெல்லாம் கூடவே போகிற பிள்ளை அவள். குச்சிதான் அடைப்புப் பலகை! தாத்தா அதில் ஒரு கோடுகூட மாற்றவில்லை. தடிமனாக இருக்கிற மண்ணின் உள்ளே ஈரம் நின்றுவிட்டால் சூளையில் வெடித்துவிடும் என்று, பல நாள் நிழலிலேயே காயவைத்து, தன் பானைகளோடு சேர்த்துச் சுட்டுக் கொடுத்தார். மடை முழுசாக வந்தது.

தொழில் தெரிந்த கைக்குச் சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இந்த மடலில் நான் முக்கியமாக நன்றி சொல்வது அதற்குத்தான். பொருள் கொடுத்து உதவ எல்லா ஊரிலும் ஆள் உண்டு. பிள்ளை தடுமாறும்போது வாங்கிச் செய்து கொடுத்துவிடாமல், பக்கத்திலேயே இருந்து பார்க்கிற பொறுமை அபூர்வம். சின்னப் பிள்ளைகளுக்கென்று தனிக் கல்வி முறையை உருவாக்கிய இத்தாலி நாட்டு மரியா மாண்டிசோரி அம்மையார் ஆசிரியர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் இதைத்தான்: கவனித்துப் பார், குறுக்கே போகாதே. பயிற்சி கொடுக்க 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் போய், 1942 முதல் 1944 வரை நமக்கு இந்தப் பக்கம் கொடைக்கானலில் இருந்தார். செடி கொடியும் பூச்சி புழுவும் பிள்ளைகளுக்குப் பாடமாவதை அங்கே நிறையச் செய்து பார்த்திருக்கிறார். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டிராத வேளார் தாத்தாவும் அதையே செய்தார்.

அடுத்து அம்மாக்கள். துணியெல்லாம் சேறும் சாயமுமாக வந்து நின்ற பிள்ளைகளைத் திட்டாமல் துவைத்துப் போட்டீர்களே, அது சின்ன உதவி இல்லை. திட்டு வாங்கிய பிள்ளை மறுநாள் மண்ணைத் தொடத் தயங்கும். நம் பிள்ளைகள் தயங்கவில்லை. தையல் கடை அண்ணன் அப்பாக்களின் பழைய சட்டைகளைக் கேட்டு வாங்கி, கையை அளவாக வெட்டி ஓரம் அடித்துக் கொடுத்தார். அதை முன்பின்னாகத் திருப்பிப் போட்டுக்கொண்டால் முழங்கால் வரைக்கும் மறைக்கிறது. அதற்கப்புறம்தான் துவைக்கிற வேலை கொஞ்சம் குறைந்தது.

"எப்ப டீச்சர் எழுத வைப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்த அப்பாக்களுக்கும் நன்றி. மணிக்கட்டில் உள்ள 8 சின்ன எலும்புகளில் பாதி இந்த வயதில் இன்னும் குருத்தெலும்புதான் என்று சொன்னபோது நின்று கேட்டீர்கள். மண் பிசைவதும், துணி பிழிவதும், விதை பொறுக்குவதும் விரல்களை எழுத்துக்குத் தயார் செய்கிற வேலைதான் என்று சொன்னதையும் நம்பினீர்கள். அங்கன்வாடி என்றால் சத்துமாவும் முட்டையும் மட்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1975-ல் இந்தத் திட்டம் ஆரம்பித்தபோதே முன்பருவக் கல்வியும் அதில் ஒரு பகுதிதான்.

முளைப்பாரி போடும் அப்பத்தா பாசிப்பயறும் தட்டாம்பயறும் ஊறவைத்துக் கொண்டுவந்தார். பிள்ளைகள் கொட்டாங்குச்சியில் மண்ணும் எருத்தூளும் நிரப்பி விதைத்தார்கள். பாதியை இருட்டு அறையிலும் பாதியைத் திண்ணையிலும் வைக்கச் சொன்னார். சில நாளில், இருட்டில் இருந்தது மஞ்சளாக நெடுநெடுவென்று வளர்ந்திருந்தது. திண்ணையில் இருந்தது குட்டையாகப் பச்சையாக இருந்தது. காரணத்தை யாரும் சொல்லவில்லை. ஒரு பையன் தானாகவே மஞ்சளை எடுத்துக்கொண்டு போய் வெயில் படுகிற இடத்தில் வைத்தான்.

வெற்றிலைப் பெட்டியோடு வந்த அம்மாச்சியைப் பிள்ளைகள் இன்னும் கேட்கிறார்கள். பழைய வேட்டித் துணியில் மஞ்சள் கரைசலால் தீட்டி வைத்திருந்தோம். அம்மாச்சி சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்டு, அந்தத் தண்ணீரைத் துணியில் தெளித்தார். பட்ட இடமெல்லாம் செக்கச் சிவந்துவிட்டது. அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டதும் மறுபடி மஞ்சள். "இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்று ஒரே சத்தம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால், பிள்ளைகளைத் தள்ளி உட்காரவைத்து, அந்தக் கிண்ணத்தைக் கடைசி வரை அவர் கீழே வைக்கவே இல்லை. எலுமிச்சையை மட்டும் பிள்ளைகளே பிழிந்தார்கள்.

நர்சம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். விதைகளை நிறம் பிரித்து அடுக்குவதற்காகக் கல்லூரித் தம்பி ஒருவர் அலைந்து திரிந்து விதவிதமாகச் சேர்த்துக் கொண்டுவந்தார். அதில் குண்டுமணியும் இருந்தது. அழகுதான், ஆனால் கடித்து மென்றால் கொடிய விஷம். நர்சம்மா தட்டைப் பார்த்ததுமே அதை எடுத்துவிட்டு, புளியங்கொட்டையையும் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது கொடுங்கள் என்றார். இரண்டு வயதுப் பிள்ளை எதையும் முதலில் வாயில்தான் வைக்கும். தம்பி கொஞ்சமும் முகம் சுளிக்காமல், மறுநாள் பூவரசங்காயும் தேக்கு இலையும் கொண்டுவந்தார். அந்த இலையின் மேல் தாள் வைத்துக் கிரேயானால் தேய்த்தால் நரம்பெல்லாம் அப்படியே எழும்பி வருகிறது. பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த வேலை அதுதான்.

சுவரோரப் புழுதியில் குழி பறித்து எறும்பு பிடிக்கிற குழியானைப் பூச்சியைக் காட்டிய ஆறாம் வகுப்புப் பையன்களுக்கும், அச்சுப் போட முற்றல் வெண்டைக்காயை எடுத்து வைத்துத் தந்த காய்கறி அக்காவுக்கும், ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாள்களைக் கட்டுக் கட்டாகக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் நன்றி. மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் பிளாஸ்டிக் பொம்மைகள் வாங்கித் தர முன்வந்தார். அதற்குப் பதிலாகப் பிள்ளைகள் உயரத்துக்கு ஒரு குழாய் வேண்டும் என்று கேட்டோம். மறுபேச்சில்லாமல் பணம் அனுப்பினார். இப்போது பிள்ளைகள் தாங்களே கை கழுவிக்கொண்டு சாப்பிட வருகிறார்கள்.

எங்கள் ஆயாம்மா சமைத்து, ஊட்டி, தரையெல்லாம் துடைத்து, அதற்கு நடுவிலும் "விடுங்க டீச்சர், அதுவே ஒட்டட்டும்" என்று என்னையும் பிடித்து நிறுத்தினார். இந்த நாலு மாதமும் அவர் இல்லாமல் ஒன்றும் நடந்திருக்காது.

பிள்ளைகள் செய்ததையெல்லாம் ஜன்னல் பக்கம் வரிசையாக வைத்திருக்கிறோம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எப்போது வேண்டுமானாலும் வந்து பாருங்கள். என்ன செய்திருக்கிறார்கள் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். தை மாதம் பனை ஓலையில் காத்தாடியும் கிலுகிலுப்பையும் செய்யலாம் என்றிருக்கிறோம். குருத்தோலை வெட்டித் தரவும், கூட உட்காரவும் ஆட்கள் வேண்டும். முடிந்தவர்கள் ஆயாம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அங்கன்வாடி டீச்சர்