அம்மியை யாருக்கும் கொடுத்துவிடாதே

கோயம்புத்தூர்
ஜூன் 9

அன்புள்ள கோமதி,

நான் ஊரில் இல்லாதபோது வந்த உன் கடிதம் பத்து நாள் பக்கத்து வீட்டு மேஜையில் கிடந்திருக்கிறது. கும்பகோணம் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்னையில் மகனோடு இருக்கப் போகிறாய் என்று படித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த முற்றத்தில் எத்தனை லீவுக்கு நான் வந்து படுத்திருக்கிறேன். ஆனாலும் உன் முழங்காலுக்கு லிஃப்ட் உள்ள வீடுதான் நல்லது. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாட்டி வீட்டில் இருப்பாள். சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன்.

கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அம்மியை என்ன செய்வதென்று தெரியவில்லை, பழைய சாமான்காரரும் வேண்டாம் என்கிறார் என்று. அதற்குப் பதில் சொல்லத்தான் பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்காமல் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் தாய்லாந்துக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

மே மாதக் கடைசியில் நானும் ரம்யாவும் மட்டும் போனோம். இவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, வரவில்லை. பாங்காக்கில் மூன்று நாள் கோயிலும் படகுமாகப் போயிற்று. அதையெல்லாம் நேரில் பேசலாம். அங்கிருந்து இரவு ரயிலில் சியாங் மாய், ஏறக்குறைய 750 கிலோமீட்டர். விடிந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே மலையும் காடுமாக இருந்தது. மெங்ராய் மன்னர் 1296-இல் கட்டிய ஊராம். பழைய நகரத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டிய அகழி இன்னும் தண்ணீரோடு இருக்கிறது.

ரம்யா அங்கே ஒரு சமையல் வகுப்புக்குச் சொல்லிவைத்திருந்தாள். ஒரு நாள் முழுக்க, ஆளுக்கு 1200 பாட், நம் பணத்தில் மூவாயிரம் ரூபாய் சொச்சம். எனக்கு மனசில்லை. அவர்கள் சமையலில் மீன் சாறு இல்லாமல் எதுவும் இல்லையே, சைவத்துக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "எல்லாம் எழுதிவிட்டேன், வா அம்மா" என்று இழுத்துக்கொண்டு போனாள். போகாமல் இருந்திருந்தால் எவ்வளவு பெரிய இழப்பு என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

காலையில் சிவப்பு வண்டி ஒன்றில் எங்களை ஏற்றிக்கொண்டார்கள். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு போட்ட வண்டி. முதலில் அகழிக்குள்ளேயே இருக்கும் சொம்பெத் சந்தைக்குப் போனோம். ஆசிரியைக்கு நம்மைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கலாம். கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தெரிந்த கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே நடந்தார். "கின் காவ் ரு யாங்?" என்ன அர்த்தம் என்று கேட்டேன். சோறு சாப்பிட்டாச்சா என்று அர்த்தமாம். பார்த்ததும் அவர்கள் விசாரிப்பதே அப்படித்தானாம். உன் அம்மா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவர்களையெல்லாம் கேட்பாரே, அதே கேள்வி.

முதல் கடையிலேயே நின்றுவிட்டேன். கொத்துக் கொத்தாகச் சுண்டைக்காய்! நாம் மோரில் ஊறவைத்து வற்றல் போடுவோம். அவர்கள் பச்சையாகவே தேங்காய்ப்பால் குழம்பில் உதிர்த்துப் போடுகிறார்கள். அடுத்து கீரைக்கட்டு மாதிரி ஏதோ அடுக்கியிருந்தது. கிள்ளி முகர்ந்தால் துளசி. அவர்கள் கப்ராவ் என்கிறார்கள். பூண்டும் மிளகாயும் போட்டு எண்ணெயில் வதக்கிச் சோற்றோடு சாப்பிடுவது அங்கே அன்றாடச் சாப்பாடு. நாம் மாடத்தில் வைத்துச் சுற்றி வருகிற செடி. எனக்கு உடனே கை நீளவில்லை. அதன் பக்கத்தில் ஹோரபா என்று இன்னொரு இலை. முகர்ந்ததும் உங்கள் கிணற்றடி ஞாபகம் வந்தது. ஆமாம், திருநீற்றுப்பச்சிலையேதான். எனக்குக் கட்டி வந்தபோது உன் பாட்டி அரைத்துப் போட்டாரே.

இருமலுக்குத் தட்டிப் போடும் பேரரத்தையை நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கட்டையாக மட்டும்தானே பார்த்திருக்கிறோம். அங்கே இஞ்சி மாதிரி பச்சைக் கிழங்காக, நுனி இளஞ்சிவப்பாக, குவித்து வைத்திருக்கிறார்கள். மெல்லியதாகச் சீவி வாயில் போட்டால் முதலில் பைன் மரத்து வாசனை, அப்புறம் ஒரு காரம். நார்த்தை இலையைப் போல ஒன்று, இரண்டு இலை ஒட்டினாற்போல இருக்கும், அது மக்ரூட் எலுமிச்சை. வேப்பிலைக்கட்டிக்கு நாம் நரம்பு நீக்குவதுபோலவே அதையும் நடு நரம்பை உரித்துவிட்டு மயிரிழையாக நறுக்குகிறார்கள். கொத்தமல்லியை வேரோடு கட்டி விற்கிறார்கள். வேருக்குத்தான் மதிப்பாம். நாம் எத்தனை வருஷமாக அதை வெட்டி எறிந்துகொண்டிருக்கிறோம்!

மிளகாயைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊசி மிளகாய் மாதிரி சின்னதாக இருப்பதை அவர்கள் எலிப்புழுக்கை மிளகாய் என்கிறார்கள். மிளகாய்க்குப் பொதுப் பெயர் ப்ரிக். மிளகுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். "ப்ரிக் தாய்" என்றார், அதாவது தாய்லாந்து ப்ரிக். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் மிளகாயைக் கொண்டுவருவதற்கு முன் காரம் என்றால் அங்கும் மிளகுதான். ப்ரிக் என்பதும் மிளகின் பெயர்தான். புதிதாக வந்த காய் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதால் பழையதற்கு ஒரு அடைமொழி தேவைப்பட்டிருக்கிறது. நாம் மிளகோடு காயைச் சேர்த்து மிளகாய் ஆக்கினோம். புதிதாக வந்ததைக் கண்டு இரண்டு ஊரும் மிளகைத்தான் நினைத்திருக்கிறது என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அரைக்கும் மசாலாவில் இறால் விழுது போடுவார்கள், கபி என்று பெயர். எனக்கு என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பாட்டியின் கடையில் நின்று, அப்பளம் மாதிரி வட்டமாகத் தட்டிக் காயவைத்த பழுப்பு வில்லைகளை எடுத்தார். துவா நாவ். சோயா மொச்சையை வேகவைத்து, புளிக்கவிட்டு, அரைத்து, வெயிலில் காயவைத்தது. கடல் தூரமாக இருக்கும் வடக்கு மலைப் பக்கத்தில் கபிக்குப் பதிலாக அதைத்தான் தலைமுறை தலைமுறையாகப் போடுகிறார்களாம். அடுப்பில் சுட்டுப் பொடித்துப் போட வேண்டும். வாசனை கொஞ்சம் முரடுதான். நம் வடகம் முதலில் அப்படித்தானே இருக்கும், எண்ணெயில் விழுந்த பிறகல்லவா அதன் குணம் தெரிகிறது. சைவக்காரிக்கு ஏதோ ஒன்றைத் தள்ளிவிட்டுச் சமைத்துத் தராமல், அந்த ஊரின் சொந்தப் பொருளையே தேடி எடுத்துக் கொடுத்தார். அதற்காகவே அவரைக் கும்பிடத் தோன்றியது.

வகுப்பு ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில். சுவர் இல்லாத கூரைக் கொட்டகை, எட்டுப் பேருக்கு எட்டு அடுப்பு. மூலையில் முயல் வடிவத்தில் ஒரு மரப் பலகை இருந்தது. அதன் வாயில் இரும்புப் பல். முதுகில் உட்கார்ந்துகொண்டு தேங்காய் துருவ வேண்டும். அதற்குப் பெயரே முயல்தான், க்ரத்தாய். நான் ஏறி உட்கார்ந்து அரை மூடியைத் துருவிக் காட்டியதும் ஆசிரியை கைதட்டிவிட்டார். மற்றவர்கள் யாருக்கும் கை அப்படி வரவில்லை.

அப்புறம்தான் உரல். கருங்கல் உரல், கருங்கல் உலக்கை, இரண்டும் கைக்கு அடக்கமானவை. பச்சைக் குழம்புக்கு மசாலா இடிக்க வேண்டும். அதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வறுத்த மல்லி, சீரகம், வெள்ளை மிளகு. அதைப் பொடித்து எடுத்துவிட்டு, கல்லுப்போடு பச்சை மிளகாய். உப்புதான் மிளகாயை உரசி மசியவைக்கிறது. பிறகு எலுமிச்சம்புல், பேரரத்தை, மக்ரூட் தோல் என்று நாருள்ளவை. அவை மசிந்த பிறகு மல்லி வேர், பூண்டு, சின்ன வெங்காயம் என்று ஈரமுள்ளவை. ஈரமானதை முன்னாலேயே போட்டால் நார் வழுக்கிக்கொண்டு ஓடும், இடி விழாது. கடைசியில் துவா நாவ். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

நான் கால் மணி நேரம் இடித்துவிட்டுப் போதும் என்று நினைத்தேன். அவர் விரலால் தொட்டு நசுக்கிப் பார்த்து, இன்னும் நார் இருக்கிறது என்றார். மறுபடியும் இடித்தேன். இரண்டாம் முறையும் திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை எதுவும் சொல்லவில்லை, என் கையைப் பிடித்து உரலுக்கு மேலே காட்டினார். வாசனை மாறியிருந்தது, கோமதி. தனித்தனியாக மிளகாய், புல், பூண்டு என்று வந்துகொண்டிருந்தது போய், பெயர் சொல்ல முடியாத ஒரே வாசனையாக எழும்பியது. அந்த நிமிஷம் எனக்கு உங்கள் வீட்டு அம்மிதான் ஞாபகம் வந்தது. உன் அம்மா துவையல் அரைத்து வழிக்கும்போது கூடம் வரைக்கும் வருமே, அந்த வாசனை.

மிக்சியில் அரைத்தால் ஏன் இது வராது என்று கேட்டேன். பிளேடு வெட்டுகிறது, கல் நசுக்குகிறது, நசுங்கினால்தான் உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வரும் என்றார். இன்னொன்றும் சொன்னார். மிக்சி சுற்றத் தண்ணீர் விட வேண்டும், தண்ணீர் விட்ட விழுது வதங்காது, வேகத்தான் செய்யும். இதை அடுப்பில் பார்த்தபோது நன்றாகவே புரிந்தது. நாம் தேங்காய்ப்பால் திரிந்துவிடுமோ என்று பயந்து கடைசியில் ஊற்றி ஒரு கொதியில் இறக்குவோம். அங்கே கெட்டிப்பாலை முதலிலேயே வாணலியில் ஊற்றி, அது திரிந்து எண்ணெய் பிரியும்வரை காய்ச்சுகிறார்கள். அந்த எண்ணெயில்தான் விழுது வதங்க வேண்டும். ஈரம் இருந்தால் வெடித்துத் தெறிக்கும், பச்சை வாசனையும் போகாது.

மதியத்துக்குள் இன்னும் நாலைந்து செய்தோம். பட் தாய் என்ற வதக்கிய நூடுல்ஸ் எனக்கு அவ்வளவு ஒட்டவில்லை. கோதுமை நூடுல்ஸ் மேல் தேங்காய்ப்பால் குழம்பை ஊற்றி, பொரித்த நூடுல்ஸைத் தூவிச் சாப்பிடும் காவ் சோய் சியாங் மாயின் பெருமை. அதில் நம் மஞ்சளும் கறிப்பொடி வாசனையும் இருக்கின்றன. அந்தப் பொடிக்கு அவர்கள் சொல்லும் பெயரிலும் "கரி" இருக்கிறது. ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும் ஒரு தட்டு. இரவே ஊறவைத்த அரிசியை மூங்கில் கூடையில் ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சர்க்கரையும் உப்பும் போட்ட தேங்காய்ப்பாலைக் கலந்து மூடிவைத்தார்கள். உப்புதான் அதைத் தூக்கிக் கொடுக்கிறது.

எனக்குக் கஷ்டமாக இருந்தது ஒன்றுதான், ருசி பார்ப்பது. எங்கள் வீட்டில் அம்மா சமைக்கும்போது வாயில் ஒரு சொட்டு வைத்து நான் பார்த்ததில்லை. பெருமாளுக்குக் காட்டாமல் எப்படி என்பாள். கொதிக்கிற வாசனையிலேயே உப்பு போட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். நானும் அப்படியே பழகிவிட்டேன். அங்கே ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியை நீட்டி "சிம், சிம்" என்கிறார், ருசி பார், ருசி பார் என்று. புளிப்பு, இனிப்பு, உப்பு, காரம் நான்கும் வந்ததா, எது முந்துகிறது என்று கேட்கிறார். அளவு கேட்டால் சொல்வதில்லை. இன்றைய எலுமிச்சை நேற்றைய எலுமிச்சை இல்லை என்கிறார். நான் முதலில் தயங்கினேன். பிறகு உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். டாம் யாம் சூப்பில் புளிப்பு போதவில்லை. அடுப்பை அணைத்த பிறகு பிழிந்தால்தான் எலுமிச்சை கசக்காது என்றார். பிழிந்து மறுபடியும் பார்த்தேன். அந்த இரண்டு சொட்டுக்கும் நடுவில் என்ன மாறியது என்று என் நாக்குக்கே தெரிந்தது. அம்மா மூக்கால் செய்ததை இவர் நாக்கால் செய்கிறார். இருவரும் புத்தகத்தைப் பார்க்கவில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே இங்கே செய்து பார்த்தேன். துவா நாவ் வில்லைகள் கொண்டுவந்திருந்தேன், ஊசி மிளகாய் கிடைத்தது, எலுமிச்சம்புல் மாடியில் வளர்கிறது. அரைக்க மிக்சியைத் தவிர வேறு இல்லை. தண்ணீர் விட்டுத்தான் சுற்றியது. வாணலியில் தெறித்தது. இவர் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டார். எனக்குத்தான் தெரிந்தது, அந்த வாசனை எழும்பவே இல்லை.

நாங்கள் இந்த ஃபிளாட்டுக்கு வந்தபோது என் மாமியாருடைய அம்மியை, இடமில்லை என்று கட்டட வேலைக்கு வந்தவர்களிடம் கொடுத்துவிட்டேன். பன்னிரண்டு வருஷமாகிறது. அவர்கள் அதை வாசற்படியாகப் போட்டுக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இத்தனை நாள் அதைப் பற்றி நினைத்ததில்லை. இந்த ஒரு வாரமாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அதனால்தான் சொல்கிறேன், உன் அம்மியை யாருக்கும் கொடுத்துவிடாதே. சென்னை வீட்டில் பால்கனி இருக்கிறதா என்று மகனைக் கேள். ஒரு முழ இடம் போதும். பேத்திக்குத் துவையல் அரைத்துக் கொடு, முழங்கால் மடக்க முடியாவிட்டால் பலகை மேடை ஒன்று செய்யச் சொல், நின்றுகொண்டே அரைக்கலாம். உண்மையிலேயே இடமில்லை என்றால் எனக்கு அனுப்பிவிடு. பார்சல் லாரியில் போட்டால் கோவைக்கு வந்துவிடும், கூலி நான் கொடுத்துக்கொள்கிறேன். கொத்தி ரொம்ப நாளாகியிருக்கும். "அம்மி கொத்தலையோ" என்று கூவிக்கொண்டு போவாரே, அவர் வீட்டில் யாராவது இன்னும் அந்த வேலை செய்கிறார்களா என்று பார். இருந்தால் கிளம்புவதற்கு முன் கொத்திவிடச் சொல்.

எப்போது காலி செய்கிறாய் என்று தேதி எழுது. முடிந்தால் இரண்டு நாள் முன்னாலேயே வந்து சாமான் கட்ட உதவுகிறேன். குழவியை அம்மியோடு சேர்த்துக் கட்டாதே, உருண்டு விளிம்பு உடையும். தனியாகச் சாக்கில் சுற்றி வை.

உன்
லலிதா