யானை போஸ் கொடுப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை முதுமலையில், தெப்பக்காட்டிலிருந்து மசினகுடிக்குப் போகும் சாலையில் ஏழெட்டு கார்கள் வரிசையாக நின்றன. என்னவென்று பார்த்தால், ஓரத்தில் குட்டியோடு ஒரு யானை. ஒருவர் கீழே இறங்கி, செல்போனை நீட்டிக்கொண்டு "ஏய், இங்க பாரு" என்று கூப்பிடுகிறார். யானை மேய்வதை நிறுத்தி, காதுகளை விரித்து, அசையாமல் நின்றது. அது போஸ் இல்லை, எச்சரிக்கை. போதாக்குறைக்குப் பின்னாலிருந்து ஹாரன் வேறு!

சற்றுத் தள்ளி இன்னொரு காரிலிருந்து குரங்குக்கு சிப்ஸ். தின்று ருசி கண்ட குரங்கு சாலையை விட்டு நகராது. அப்புறம் ஏதாவது சக்கரத்தில் அடிபடும். சரணாலயத்துக்குள் விலங்குகளைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. பலகையில் எழுதினால் யார் படிக்கிறார்கள்?

சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்தும்போதே வனத்துறையினர் இரண்டு நிமிடம் வாயால் சொல்லி அனுப்பலாம். விடுமுறை நாட்களில் ரோந்து வண்டி ஒன்று கூடுதலாக ஓடட்டும். புலி தெரியவில்லை என்று சஃபாரி ஓட்டுநரிடம் சண்டை போடுகிறவர்களுக்கும் சேர்த்தே சொல்லட்டும்.

- ஒரு வாசகர், கூடலூர்