ஒரு ஏக்கருக்கு ஒரே வால்வு: சொட்டுநீர் அமைப்பு பற்றிப் புகார்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு, வணக்கம்.

பாலக்கோடு தாலுகாவில் மாரண்டஅள்ளி பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் ஒரு ஏக்கருக்குப் போன தை மாதம் உங்கள் ஆட்கள் வந்து சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். நாலு தடவை போன் பண்ணியும் "டெக்னீசியன் வருவார்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை, அதனால்தான் இப்போது எழுதிக் கேட்கிறேன்.

வால்வுப் பக்கம் தக்காளிக்குத் தண்ணீர் சொட்டுகிறது, கடைக்கோடியில் மண் நனைவதே இல்லை. அந்தக் கடைக்கோடியில் ஒரு சொட்டுவாய்க்கு, அதாவது குழாயில் தண்ணீர் சொட்டுகிற துளைக்கு, அடியில் மண்ணைத் தோண்டி சொம்பு வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன், அரை சொம்புகூட நிறையவில்லை. உங்கள் பில்லில் மணிக்கு 4 லிட்டர் என்று போட்டிருக்கிறது. அந்த வரிசையில் காய்களின் அடி கறுத்து உள்ளே குழிந்துவிட்டது, தண்ணீர் சீராகப் போகாத தக்காளிக்கு வருகிற அதே கோளாறு. பறித்ததில் பாதியை மாட்டுக்குப் போட்டேன்.

உங்கள் ஏஜென்டிடம் சொன்னால், "உப்புத் தண்ணி, அடைச்சிருக்கும், ஆசிட் விடுங்க" என்றார். சரி என்று அதையும் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. அப்புறம் ஒரு நாள் வால்வுப் பக்கத்து வரிசைக் குழாய்களை (லேட்டரல்) எல்லாம் மடக்கிக் கயிறு போட்டுக் கட்டிவிட்டு மோட்டாரைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் கடைக்கோடியில் நன்றாகச் சொட்ட ஆரம்பித்தது. அடைப்பு என்றால் அது எப்படிச் சொட்டும்?

அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். வரிசைக்கு வரிசை 5 அடி, சொட்டுவாய்க்குச் சொட்டுவாய் 40 சென்டிமீட்டர் என்றால் ஏக்கருக்கு 6,600 சொட்டுவாய்க்கு மேல் வருகிறது, ஒவ்வொன்றும் 4 லிட்டர் கேட்டால் மணிக்கு 26,000 லிட்டர் வேண்டும். என் போர்வெல் ஆயிரம் அடிக்குக் கீழே போய் எடுக்கிற தண்ணீர். 20 லிட்டர் பக்கெட் நிறைய 14 செகண்ட் ஆகிறது, அதாவது மணிக்கு 5,100 லிட்டர் சொச்சம். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை வைத்துக்கொண்டு முழு ஏக்கரையும் ஒரே கேட் வால்வில் திறந்துவிட்டால் கடைசி வரிசைக்கு என்ன போய்ச் சேரும்? குழாய் போடும் முன்னால் உங்கள் ஆட்களில் ஒருவராவது போரில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று கேட்டாரா? நிலத்தை டேப் வைத்து அளந்தார்கள், வரைபடம் கொடுத்தார்கள், வேலை முடிந்தது என்று கையெழுத்து வாங்கினார்கள், தண்ணீரை மட்டும் அளக்கவில்லை.

இன்னொன்று. அந்த நிலத்தில் ஆடியில் ராகி விதைத்து, ஊடே அவரையும் துவரையும் போடுவேன். பக்கத்துத் துண்டில் சாமை அறுத்துவிட்டுக் கொள்ளு. எல்லாம் மானாவாரி, மோட்டார் சுவிட்சைத் தொடவே வேண்டாம். ராகிக்கு 2025-26இல் குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் ஆதார விலை. அதை விட்டுவிட்டு தக்காளி வைக்கச் சொன்னது உங்கள் ஏஜென்ட். சொட்டுநீர் போட்டால் இந்தத் தண்ணீரே போதும் என்றார். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதை மூன்று தடவை சொன்னவர், விலை விழுந்தால் வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆசைப்பட்டது என் தப்பும்தான், அதை உங்கள் மேல் போடவில்லை. ஆனால் தண்ணீர் போதும் என்று சொன்னது நீங்கள்.

கடைசியாகப் பேசியபோது உங்கள் ஏஜென்ட், "மானியத்துல இலவசமா வந்ததுதானே" என்றும் ஒரு வார்த்தை விட்டார். சிறு விவசாயி என்பதால் என் பங்குப் பணத்தையும் சேர்த்து அரசாங்கம் கட்டியது. உங்களுக்குப் பணம் வராமல் இல்லையே.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அந்த ஏக்கரை ஐந்து பாகமாகப் பிரித்து, வரிசைக் குழாய்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிற சப்மெயினை மாற்றி, இன்னும் நாலு வால்வு போட்டுக் கொடுங்கள், உங்கள் செலவில். பாகத்துக்கு ஒரு மணி நேரம் என்று திருப்பிவிட்டால் ஐந்து மணி நேர கரண்டில் இருக்கிற தண்ணீரே முழு ஏக்கருக்கும் போதும். போன தக்காளிக்கு நஷ்டஈடு பற்றியும் எழுத்தில் பதில் வேண்டும். பதினைந்து நாள் பார்ப்பேன், இல்லையென்றால் பில், வரைபடம், எடுத்து வைத்த வீடியோ எல்லாவற்றோடும் தர்மபுரி நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

ஆள் அனுப்பினால் காலையில் அனுப்புங்கள். எங்கள் லைனில் த்ரீ ஃபேஸ் அப்போதுதான் வருகிறது, மத்தியானம் வந்தால் போரை அளக்க முடியாது.

இப்படிக்கு,
மாரண்டஅள்ளி விவசாயி