ஞாயிறு ஏரியா சபை - நம்ம பங்கு பணம் பத்தி

எல்லாருக்கும் வணக்கம், வர்ற ஞாயிறு காலைல 10 மணிக்கு நம்ம வார்டு ஏரியா சபை கூட்டம், பழைய பிளாக்க இடிச்சு கட்டுற விஷயத்த கவுன்சிலர்ட்ட பேசப்போறோம், வீட்டுக்கு ஒருத்தராவது வந்துடுங்க ப்ளீஸ்.

புது வீட்டுக்கு நம்ம பங்கு பணம் எதுக்குன்னு நிறைய பேர் போன் பண்ணி கேக்குறதால சொல்றேன், பிரதமர் வீடு திட்டத்துல சென்ட்ரல்ல இருந்து வீட்டுக்கு 1.5 லட்சம்தான் வரும், மீதிய மாநில அரசும் பயனாளியும் போடணும், சண்டையே அந்த பயனாளி பங்குலதான். தினக்கூலிக்கு போறவங்க மொத்தமா கட்ட பணத்துக்கு எங்க போவாங்க? தவணையா கட்ட விடணும், வேலை முடியிற வரை வாடகைக்கும் ஒரு வழி பண்ணணும்.

கட்டுறது மாநகராட்சி இல்ல, நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாங்க பழைய குடிசை மாற்று வாரியம், 2021ல பேர் மாத்துனாங்க. அதனால "எங்க கைல இல்ல"ன்னு பதில் வரும், விடாதீங்க, தீர்மானமா எழுதி மேல அனுப்ப சொல்லுங்க.

சென்னைல கண்ணகி நகர், பெரும்பாக்கம்னு ஊர் ஓரத்துக்கு போனவங்க வேலைக்கு வந்து போக படுற பாடு தெரியும்ல, வீடு இதே இடத்துல வேணும்ங்கறத அழுத்தி சொல்லணும்.

ஒதுக்கீடு ஆணை, ஆதார், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வாங்க. கட்சி சண்டை மட்டும் அங்க வேணாம், குரூப்லயும் வேணாம் 🙏