மாடுலர் கிச்சன் புகார்: பெட்டி சுவருக்குள் நுழையவில்லை, 77 நாளாக ஆளும் வரவில்லை

கரூர்
10.02.2025

அனுப்புநர்: பெயரும் முகவரியும் தங்கள் ஆர்டர் படிவத்தில் உள்ளபடி.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தலைமை அலுவலகம்.

பொருள்: புதிதாகக் கட்டிய சமையலறைக்குத் தவறான அளவில் பெட்டிகள் செய்து அனுப்பியது, பாதியில் வேலையை விட்டுப் போனது, அலைக்கழித்தது, மரியாதைக் குறைவாகப் பேசியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இது நான் எழுதும் நான்காவது கடிதம். முதல் மூன்றும் மின்னஞ்சல். மூன்றுக்கும் ஒரே நிமிடத்தில் பதில் வந்துவிட்டது: "தங்கள் கருத்துக்கு நன்றி, 48 மணி நேரத்தில் எங்கள் குழு தங்களைத் தொடர்புகொள்ளும்." அந்த 48 மணி நேரம் உங்கள் ஊரில் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது. ஆகவே இதை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஆர்டர் விவரமெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். பின்கட்டில் புதிதாக எடுத்த சமையலறை, எல் வடிவம், கிழக்குச் சுவரில் அடுப்பு. அந்தச் சுவர் நீளத்துக்கும் வரிசையாக பி-1 முதல் பி-5 வரை ஐந்து கீழ்ப்பெட்டிகள். அந்த வரிசை ஏன் உள்ளே நுழையவில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பொருள்தானே. ஆனாலும் இதுவரை பேசிய ஒருவருக்கும் அது தெரிந்த மாதிரி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 9 அன்று உங்கள் ஆள் அளவெடுக்க வந்தபோது வெறும் செங்கல் சுவர்தான் நின்றது. கிழக்குச் சுவர் 10 அடி 4 அங்குலம், அதாவது 3150 மி.மீ. என்று எழுதிக்கொண்டார். "பூச்சு முடிஞ்சு டைல்ஸ் ஒட்டினதும் ஒரு போன் பண்ணுங்கம்மா, ஃபைனல் அளவு எடுக்க வர்றோம்" என்று அவராகத்தான் சொன்னார். செப்டம்பர் 14 அன்று டைல்ஸ் முடிந்தது. அன்றைக்கே போன் செய்தேன். "அது ஃபேக்டரிக்குப் போயிடுச்சு மேடம், அளவு சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். எப்படி சரியாக இருக்கும்? இரண்டு பக்கச் சுவரிலும் பூச்சு ஏறியிருக்கிறது, அதன்மேல் டைல்ஸ் ஏறியிருக்கிறது. இப்போது டேப் வைத்தால் 3106 மி.மீ. வருகிறது. 44 மி.மீ. போயிற்று. ஒன்றே முக்கால் அங்குலம்.

நான் முப்பது வருடம் பள்ளியில் கணக்கு டீச்சர். உங்கள் வரைபடத்தை இப்போதுதான் கூட்டிப் பார்த்தேன், கையெழுத்துப் போடும் முன்பே கூட்டியிருக்க வேண்டும். மூலைப் பெட்டி 900, டிராயர் 600, ஹாப் (அடுப்புக்குக் கீழே வரும் பெட்டி) 900, சிலிண்டர் 450, பாட்டில் புல்-அவுட் (பாட்டில் வைத்து வெளியே இழுக்கிற தட்டு) 300. மொத்தம் 3150. சுவரும் 3150. இரண்டு ஓரத்திலும் ஒரு நூல்கூட இடம் விடவில்லை. சுவர் எங்கேயும் தூக்குக்குண்டு பிடித்த மாதிரி நேராக இருக்காது, அதற்குத்தான் ஓரத்தில் ஒரு பட்டி விட்டு அடிப்பார்கள் என்று எங்கள் தெருத் தச்சர் சொல்கிறார். அவர் எந்த டிசைன் காலேஜிலும் படித்தவர் இல்லை.

நவம்பர் 25 அன்று வந்த உங்கள் ஃபிட்டர்கள் இருவரும் நல்ல பிள்ளைகள், அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. நாலு முறை திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, "சுவரைக் கொஞ்சம் கொத்தி உள்ள தள்ளிடலாம்மா" என்றார்கள். புது டைல்ஸ், ஒட்டி முழுசாகப் பதினொரு வாரம்கூட ஆகவில்லை. நான் கூடாது என்றேன். சிங்க் பக்கத்தையும் மேல்பெட்டிகளையும் மட்டும் மாட்டிவிட்டு, "ஆபீஸ்ல சொல்லிடறோம், ரெண்டு நாள்ல வந்துடுவாங்க" என்று போனார்கள். பி-1 முதல் பி-5 வரை அன்றிலிருந்து எங்கள் ஹாலில் பிளாஸ்டிக் சுற்றியபடி நிற்கின்றன. வருகிறவர்களெல்லாம் வீடு மாற்றுகிறோமா என்று கேட்கிறார்கள்.

டிசம்பர் 3 பயணத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது. "திருத்திய வரைபடத்தில் நேரில் கையெழுத்து வேண்டும், செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு வாங்க" என்று உங்கள் கோவை ஷோரூமிலிருந்துதான் அழைத்தார்கள். எனக்கு முழங்கால் வலி. காலை ஆறு மணிக்குக் கிளம்பி, வெள்ளகோவில், காங்கேயம், பல்லடம் என்று ஊர் ஊராக நின்று போகிற பஸ்ஸில் ஏறி, சிங்காநல்லூரில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய்விட்டேன். உட்காரச் சொன்னார்கள். பன்னிரண்டு ஆயிற்று. டிசைனர் சைட்டில் இருக்கிறார் என்றார்கள். ஒன்றரைக்கு, சாப்பிடப் போயிருக்கிறார். மூன்றரை மணிக்கு வேறொரு பெண் வந்து, அவர் போன வாரமே வேலையை விட்டுவிட்டார் என்றாள். போன வாரம் வேலையை விட்டவர் இன்று எப்படி சைட்டுக்குப் போனார், எப்படிச் சாப்பிடப் போனார்? நாலரை மணி நேரம். ஒரு டம்ளர் தண்ணீர்கூட யாரும் கொடுக்கவில்லை. சுற்றிலும் ஏழெட்டு சமையலறை ஜோடித்து வைத்திருக்கிறீர்கள், ஒன்றிலும் குழாயில் தண்ணீர் வராது. வீடு திரும்பும்போது இரவு எட்டரை. என் வீட்டுக்காரர் சர்க்கரை நோயாளி, அன்று அவருக்கு மதியம் பிரெட், இரவும் பிரெட்.

இதையெல்லாம்கூட மறந்துவிடுவேன். மறக்க முடியாதது டிசம்பர் 19 அன்று கஸ்டமர் கேரில் பேசிய அந்தத் தம்பி. பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன். 44 மி.மீ. விஷயத்தைச் சொன்னேன். "அம்மா, கிச்சன்னா கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணித்தான் ஆகணும். எல்லார் வீட்லயும் இப்படித்தான். இதுக்கு முன்னாடி மாடுலர் கிச்சன் பார்த்திருக்கீங்களா?" என்றார். சரி, பார்த்ததில்லை, அதனால்தான் உங்களிடம் வந்தேன் என்றேன். "கையெழுத்துப் போட்டது நீங்கதானே, அப்ப கண்ணை எங்க வெச்சிருந்தீங்க?" என்றார். பெயர் கேட்டேன். "பேர் எதுக்கு, சம்பந்தம் பேசப் போறீங்களா?" என்றார்.

எனக்கு 59 வயது. என்னிடம் படித்தவர்களில் கலெக்டர் ஆபீசில் இருப்பவர்களும் உண்டு. இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. உங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவு செய்யப்படும் என்று முதலிலேயே ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை தயவுசெய்து நீங்கள் ஒரு முறை கேளுங்கள். மாலை நாலேகால் மணி வாக்கில்.

கையெழுத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். நான் கையெழுத்திட்டபோது எனக்குக் காட்டியது டேப்லெட்டில் ஒரு கலர் படம். கவுண்டர் மேல் கண்ணாடிக் கிண்ணத்தில் எலுமிச்சம்பழம், மேலே கம்பியில் தலைகீழாகத் தொங்கும் வைன் கிளாஸ். கிரைண்டர் எங்கே என்று அன்றைக்கே கேட்டேன். "அதெல்லாம் வந்துடும் மேடம்." வரவில்லை. கிரைண்டருக்கென்று நான் கேட்ட இடத்தில், சிங்க்குக்குப் பக்கத்தில், உயரமான ஒரு அலமாரி நிற்கிறது. எலக்ட்ரீஷியன் வைத்துவிட்டுப் போன 16 ஆம்பியர் பாயிண்ட் அந்த அலமாரியின் முதுகுக்குப் பின்னால். வாரம் இரண்டு முறை இட்லி மாவு அரைக்கிற வீட்டில் கிரைண்டர் நிற்க இடமில்லை, வைன் கிளாஸ் தொங்க இடம் இருக்கிறது.

சிலிண்டர் பெட்டிக்கு வருகிறேன். இதில் எனக்குப் பயமே இருக்கிறது, கோபம் மட்டுமில்லை. 14.2 கிலோ கேஸ், சிலிண்டர் எடையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. அதைத் தரையோடு உருட்டித்தான் உள்ளே தள்ள முடியும். நீங்கள் அந்தப் பெட்டிக்கும் மற்ற பெட்டிகளைப் போலவே அடிப்பலகை போட்டு, 100 மி.மீ. கால்மேல் நிறுத்தியிருக்கிறீர்கள். மாதாமாதம் யார் தூக்கி வைப்பது? டிராலியோடு வைத்தால் உயரம் இடிக்கிறது, ரெகுலேட்டர் மாட்டக் கை போகாது. கதவில் காற்றுப் போக ஒரு துளைகூட இல்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் அடியில்தான் தேங்கும், அதனால் கீழே துளை வேண்டும் என்பது கேஸ் ஏஜென்சிக்காரர் சொல்லி எனக்கே தெரியும். சமையலறை செய்வதையே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

அப்புறம் பலகை. கொட்டேஷனில் பி.டபிள்யூ.பி. பிளைவுட், ஐ.எஸ். 710 என்று இருக்கிறது, அதாவது கொதிநீரையும் தாங்கும் பலகை. சிங்க் பெட்டியில் குழாய்க்காக ஃபிட்டர் வெட்டி எடுத்த துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் முத்திரை 303, எம்.ஆர்., அதாவது காற்றின் ஈரத்தை மட்டும் தாங்குவது. தண்ணீர் சொட்டுகிற இடத்துக்கு எம்.ஆர். பலகையா? ஒரு துண்டை வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். தவறுதலாகக் கலந்துவிட்டது என்றால் அதை எழுத்தில் சொல்லுங்கள், நம்புகிறேன். போட்டோவை இணைத்திருக்கிறேன். துண்டைத் தர மாட்டேன்.

கீழ்ப்பெட்டி மட்டமாக உட்கார்ந்தால்தான் கிரானைட் போட முடியும். சிலாப் நவம்பரிலிருந்து வெளிச்சுவரில் சாய்ந்து கிடக்கிறது, போன வாரம் ஒரு மூலை உடைந்தது. கிரானைட்காரர் இனி வந்தால் தனிக் கூலி என்கிறார். நான் திண்ணையில் ஒரு பெஞ்சு போட்டு அதன்மேல் அடுப்பை வைத்துச் சமைக்கிறேன். காற்றடித்தால் அணைந்துவிடுகிறது. தீபாவளிக்குள் முடித்துத் தருவதாகச் சொன்ன கிச்சன் இது. தீபாவளி போய், கார்த்திகை போய், பொங்கலும் போயிற்று. ஜனவரி 26 அன்று என் மகளுக்கு வளைகாப்பு. ஏழு வகைச் சாதமும் என் கையால் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கொல்லையில் பந்தல் போட்டு ஆள் வைத்துச் சமைக்க வேண்டியதாயிற்று. வந்த சம்பந்தி வீட்டார் ஹாலில் உங்கள் பெட்டிகளின்மேல் கைப்பையை வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். அந்த நாள் இனி திரும்பி வருமா?

மொத்தத் தொகை ஜி.எஸ்.டி. உட்பட ரூ. 3,86,000. முன்பணம் பாதி. பிறகு, 'பணம் கட்டினால்தான் லாரி கிளம்பும்' என்று நவம்பர் 20 அன்று இன்னொரு 40 சதவீதம் வாங்கினீர்கள். ஆக ரூ. 3,47,400 உங்களிடம் இருக்கிறது. பணம் வாங்கும் வரை தினமும் இரண்டு போன், குட் மார்னிங் மேடம். எனக்கான நஷ்டம் எவ்வளவு என்று கேட்டால், சமையல் ஆள், ஹோட்டல் சாப்பாடு, கிரானைட், பஸ் செலவு, என் வீட்டுக்காரருக்கு ஏறிய பிரஷருக்கு மாத்திரை, என் மன உளைச்சல் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குக் குறையாது. ரசீது எல்லாவற்றுக்கும் இல்லை. மன உளைச்சலுக்கு யார் ரசீது தருகிறார்கள்?

உங்கள் நிறுவனத்தின்மேல் எனக்குப் பகையில்லை. மேல்பெட்டியின் கதவுகள் சத்தமில்லாமல் அழகாக மூடுகின்றன, அதை மனதாரச் சொல்கிறேன். நான் கேட்பது நியாயமானதுதான். வேலை தெரிந்த ஒருவர் நேரில் வந்து, இப்போதுள்ள சுவரை அளக்க வேண்டும். பி-1 முதல் பி-5 வரை ஓரப்பட்டிக்கு இடம் விட்டுப் புது அளவில் செய்து தர வேண்டும். சிலிண்டர் பெட்டிக்கு அடிப்பலகை வேண்டாம், கதவில் துளை வேண்டும். கிரைண்டருக்கு இடம் வேண்டும். சிங்க் பெட்டி 710 பலகையில் வேண்டும். இவை முடியாமல் மீதி ரூ. 38,600 வராது. அந்தத் தம்பி எனக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்க வேண்டும். மற்றவற்றில் ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆனாலும் பொறுத்துக்கொள்வேன், இதில் மாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவாகும். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. இந்த முறை நீங்கள் பஸ் ஏறி இங்கே வர வேண்டியிருக்கும். எனக்கு ஓய்வூதியம் வருகிறது, நேரம் நிறைய இருக்கிறது. அப்படியொரு நிலை வராது என்று நம்புகிறேன். தங்கள் நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஆர்டர் படிவம், வரைபடம், பணம் கட்டிய ரசீதுகள், 303 முத்திரையின் போட்டோ, டிசம்பர் 3 பஸ் டிக்கெட் நகல்.

பின்குறிப்பு: அளவெடுக்க வருகிறவரை டேப் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆகஸ்டில் வந்தவர் எங்கள் டேப்பை வாங்கி அளந்தார், போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதுவும் எனக்குத் திரும்ப வேண்டும்.