நாற்பது டொலருக்கு வெட்டாதே

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். மாமியின் கண் ஒப்பரேசன் நல்லபடியாக முடிந்தது. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த வெளிநாட்டுச் சனமெல்லாம் திரும்பிப் போய்விட்டது. மற்றப் புதினங்களைப் பிறகு சொல்கிறேன்.

வரிக்காரருக்குக் கொடுக்க முதல் சரிபார்க்கச் சொல்லி நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். கூட்டல் எல்லாம் சரி. விலைதான் பிழை. சிட்னியில் பிளாக்டவுன் மூலை வீட்டில் புல்லு வெட்ட இன்னும் 40 டொலர் என்று போட்டிருக்கிறாய். அது 2018இல் அப்பா சொன்ன விலை, மகன். அதற்குப் பிறகு பெற்றோல் ஏறவில்லையா? இன்சூரன்ஸ் ஏறவில்லையா? வெட்டின புல்லைக் கொட்டுகிற இடத்தில் எடுக்கிற காசு ஏறவில்லையா?

உன்னுடைய ஒருநாள் வேலையை எடுத்துப் பார்த்தேன். ஆறு வீடு, வீட்டுக்கு 40, மொத்தம் 240. காலை ஏழுக்கு வெளிக்கிட்டு ஐந்து மணிக்கு வந்தால் பத்து மணித்தியாலம். மணிக்கு 24 டொலர். 2025 யூலை 1ஆம் திகதியிலிருந்து ஆஸ்திரேலியாவில் ஆகக் குறைந்த சம்பளமே மணிக்கு 24.95. லீவு இல்லாத கஷுவல் ஆளுக்கு 25 வீதம் கூட்டி 31.19. மற்றவர்களுக்கு ஓய்வுகாலத்துக்கென்று முதலாளி 12 வீதம் சுப்பர் போடுகிறான், உனக்கு யார் போடுவது? இத்தனைக்கும் இது பெற்றோலைக் கழிக்காத கணக்கு. மெஷினும் வானும் சொந்தமாக வைத்திருக்கிற நீ, கடையில் பெட்டி அடுக்குகிற பிள்ளையை விடக் குறைவாக உழைக்கிறாய். பள்ளிக்கூடத்தில் கணக்கில் முதலாவதாக வந்தவன் நீ.

கோபத்தில் எழுதவில்லை. ஒபிஸ் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் வேலையை எடுத்தபோது ஊர் என்ன சொன்னது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் யாருக்கும் வாய் திறக்கவில்லை. நீ வெட்டிய பிறகு நடைபாதை ஓரம் கோடு போட்டதுபோல இருக்கும் என்று நான் அங்கே இருந்த காலத்தில் மேஸ் ஹில் முருகன் கோயிலில் ஆக்கள் சொல்லும்போது கேட்டுக்கொண்டு நிற்பேன். அப்படி வேலை செய்கிறவன் ஏன் விலை சொல்லக் கூசுகிறான் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

அப்பா படலையடியில் நின்று விலை சொன்னதே இல்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வளவை ஒரு சுற்றுச் சுற்றுவார். வானுக்குள் போய் இருந்து யோசிப்பார். அதற்குப் பிறகுதான் வாய் திறப்பார். பரப்பளவைப் பார்த்து விலை சொல்லாதே, எடுக்கப்போகிற நேரத்தைப் பார்த்துச் சொல் என்பது அவர் பேச்சு. பக்கத்துக் கதவு ஒடுக்கமென்றால் பெரிய மெஷின் உள்ளே போகாது. நாய் வளர்க்கிற வீட்டில் முதலில் அந்த அசிங்கத்தைப் பொறுக்க வேண்டும். பிள்ளைகளின் ட்ரம்பொலினைத் தள்ளிவைக்க வேண்டும். பஃபலோ புல் மெதுவாகத்தான் வளரும். கிக்கூயுப் புல் கோடையில் ஒரு மழை கண்டால் போதும், வெட்டிவிட்டு வானை எடுக்க முதல் வளர்ந்துவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், மாதம் ஒருமுறை கூப்பிடுகிற வீட்டுக்கும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை போகிற வீட்டுக்கும் ஒரே விலை எழுதியிருக்கிறாயே, அது என்ன நியாயம்? மாதம் விட்ட கிக்கூயுவை இரண்டு தரம் ஓட்டவேண்டும், பை நிறைய நிறையக் கொட்டவேண்டும். அடிக்கடி கூப்பிடுகிறவர்களுக்குத்தான் குறைந்த விலை.

இன்னொன்று. வருடத்துக்கு 26 வெட்டு என்று நினைத்துச் செலவு செய்யாதே. ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை 13 வரும். குளிர் காலத்தில் மாதத்துக்கு ஒன்று வந்தாலே பெரிய காரியம். எல்லாம் சேர்த்து 19, 20. யூன், யூலைக் குளிரில் சாப்பிடுகிற சோற்றையும் டிசம்பர் விலைக்குள்ளே வைக்க வேண்டும். 2022இல் சிட்னியில் 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டி, நகரத்தின் பதிவிலேயே ஆகக் கூடிய மழை என்றார்கள். அந்த வருடம் அப்பா ஜன்னலடியில் இருந்தபடி மழையைத் திட்டினது ஞாபகம் இருக்கிறதா? புல்லு முழங்கால் வரை நின்றது, மெஷினை இறக்க முடியவில்லை. மழை விட்ட பிறகு அந்த உயரத்துக்கு இரட்டை விலை கேட்டார். கொடுத்தார்கள்.

எங்கட ஆக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயிலில் பழக்கம், அக்காவோடு படித்தவர் என்று 25 டொலருக்கு நாலு வீடு வெட்டுகிறாய். ரூங்காபி ஆச்சியை விட்டுவிடு, அவவுக்கு நான் சொன்னாலும் நீ கூட்டமாட்டாய், கூட்டவும் வேண்டாம். மற்ற மூன்று பேரும் இரண்டு கார் வைத்திருக்கிறார்கள்.

விலையைக் கூட்டு, மகன். 55 என்று சொல்லு. ஆறு வீட்டில் ஒரு வீடு போனாலும் ஐந்து வீட்டில் 275 வரும். 240ஐ விடக் கூட. ஜீஎஸ்ரி வரி வந்துவிடும் என்று சாட்டுச் சொல்லாதே, அது வருட வரவு 75,000 ஆனால்தான். மிச்சப்படும் நேரத்தில் சின்னவளோடு இரு.

அவள் போன தடவை வீடியோவில் வந்தபோது பின்னால் இருந்த திரைச்சீலை வடிவாக இருந்தது. புதிதாக வாங்கினீர்களா? உன்னைத்தான் காணவில்லை. நீ அனுப்புகிற குரல் செய்தியெல்லாம் வானுக்குள் இருந்துதான் வருகிறது. போன ஞாயிறு காலை ஆறரைக்கு அனுப்பியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு முன் மெஷின் போடக் கூடாது என்ற சட்டம் எனக்கும் தெரியும், அப்பாவுக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன்.

சரி, அது இருக்கட்டும். விலையைக் கூட்டு. அங்கே வசந்தம் தொடங்கிவிட்டது, இப்போது சொல்லாவிட்டால் அடுத்த வருடம்தான். இப்படி எழுதி அனுப்பு, இங்கிலீசில் போட உனக்குத் தெரியும்: “ஒக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை வெட்ட 55 டொலர், மாதம் ஒருமுறை என்றால் 75. நன்றி.” காரணம் எழுதாதே. காரணம் எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசுவார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா வருகிற மாதம் சிட்னி வருகிறா. கறித்தூள் இடித்து வைத்திருக்கிறேன், எயாப்போட்டில் மறைக்காமல் எழுதிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். ஒரு பொதியாகக் கட்டவா, இரண்டாகக் கட்டவா? இரண்டு என்றால் மற்றதை எந்த விலாசத்தில் கொடுக்க வேண்டும் என்று எழுது. நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

அம்மா